மரக்காலும் வினைமுற்றும்: வலியுள்ள வரலாற்றை அருங்காட்சியகம் சொல்லும் விதம்

திருவாரூர் மாவட்டம் திருப்பாம்புரம் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201ஆம் ஆண்டு. காலம் பொல்லாததாகி, காசுக்கு மூன்று நாழி என்று தானியம் விற்றபோது, ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் கோயிலுக்கு அடிமையாக 110 காசுக்கு விற்றுக்கொண்டார் என்கிறது அது. வாசித்துவிட்டு நகர்ந்துவிடலாம். கணக்குப் போட்டால்தான் உறைக்கும். அந்த விலையில் 110 காசுக்குக் கிடைப்பது 330 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற பழைய வாய்பாட்டில் அது மூன்றரைக் கலத்துக்கும் கொஞ்சம் குறைவு. மூன்று உயிருக்கு.

அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேர். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள்: ஆடவல்லான் என்னும் மரக்கால். ஆடும் இறைவனின் பெயர் ஓர் அளவுப் பாத்திரத்துக்கு. இந்த இரண்டு கல்வெட்டுகளின் படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நடுவே ஒரு மரக்காலை வைத்தால் போதும். பார்ப்பவர் நூறையும் மூன்றரையையும் தானே ஒப்பிட்டுக்கொள்வார். 'சோழர் காலச் சமூக ஏற்றத்தாழ்வு' என்று தனியாக ஒரு பலகை வைக்கத் தேவையில்லை.

அருங்காட்சியகத்தில் கதை சொல்வது என்றால் பலரும் நினைப்பது குரல்வளம் கொண்ட ஒருவரின் பின்னணிப் பேச்சும், இருட்டறையில் ஒளி, ஒலிக் காட்சியும்தான். அது அலங்காரம். நடந்துகொண்டே பார்ப்பவருக்கு எது முதலில் கண்ணில் படுகிறது, எதன் பக்கத்தில் எது இருக்கிறது, அட்டையில் எழுதிய வாக்கியத்தில் யார் எழுவாய், எந்த இடத்தில் பேச்சு நிற்கிறது என்ற நாலைந்து முடிவுகள்தான் உண்மையில் கதையைச் சொல்கின்றன. காவிரி டெல்டாவில் இந்த முடிவுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே அருங்காட்சியகம் என்றாலே செப்புத் திருமேனி, ஓலைச்சுவடி, அரண்மனை தர்பார். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடமும் சரசுவதி மகாலும் அவற்றுக்காகவே பெயர் பெற்றவை. அழகான பொருள்கள் ஏராளமாக இருக்கும் ஊரில் அழகில்லாத வரலாற்றுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அடிமை ஓலை, பண்ணைக் கணக்கு, கப்பலேறியவர் பட்டியல் எல்லாம் கண்ணைக் கவராதவை. அதோடு, அவற்றை எழுதிய கை எப்போதும் வாங்கியவருடைய கை.

திருப்பாம்புரத்துக்கே மறுபடி வருவோம். 'விற்றுக்கொண்டார்' என்பது கல்வெட்டின் கணக்கு. விற்றவருக்கு ஒரு வினை இருக்கிறது, வாங்கியவருக்கு இல்லை. அட்டை எழுதுகிறவர் கல்வெட்டை அப்படியே சுருக்கினால் பஞ்சம் ஒருவரை விற்கவைத்தது என்ற அளவில் கதை முடிந்துவிடும். 'கோயில் நிர்வாகம் 110 காசு கொடுத்து மூவரையும் வாங்கியது' என்று இன்னொரு வாக்கியம் சேர்த்தால் காட்சி முழுமையாகும். எந்தத் தகவலையும் புதிதாகச் சேர்க்கவில்லை, ஆவணத்தில் உள்ளதுதான். வினையை அதற்குரியவரிடம் சேர்த்ததோடு சரி.

தமிழில் இந்த வேலை ஆங்கிலத்தைவிட நுணுக்கமானது. நம் மொழியில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் ஒழுங்காக நிற்கும். செயப்பாட்டு வினை வேறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கீழ்வெண்மணிக்கு ஓர் அட்டை எழுதிப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: '1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நடந்த துயரச் சம்பவத்தில் 44 விவசாயத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.' இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் சம்பவம் தானாக நடக்கிறது, உயிர் தானாகப் போகிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 'விவசாயத் தொழிலாளர்கள்' என்ற சொல் அந்தக் குழந்தைகளை விழுங்கிவிடுகிறது. இரண்டாவது வரைவு கொஞ்சம் துணியும்: 'குடிசைக்குத் தீ வைக்கப்பட்டதில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டனர்.' வைத்தது யார், கொன்றது யார் என்ற இரண்டு கேள்வியும் அப்படியே தொங்குகின்றன. இதில் கோபம் வந்து மூன்றாவது வரைவு எழுதுகிறவர் எதிர்ப்பக்கம் சாய்வார்: 'ஈவிரக்கமற்ற நிலப்பிரபுத்துவ வெறியாட்டத்தில்...' என்று தொடங்கும். மேடையில் எடுபடும். சுவரில் அது வாசகருக்கு வேலையே வைக்காது. தன் தாத்தா நிலம் வைத்திருந்தார் என்ற நினைப்போடு வந்தவர் முதல் பெயரடையிலேயே காதைப் பொத்திக்கொள்வார்.

நிற்கக்கூடிய வரைவு இந்த மாதிரி இருக்கும்: 'கூடுதலாக அரைப் படி நெல் கூலி கேட்டுத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டிருந்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு பண்ணையார் தரப்பினர் சேரியைத் தாக்கினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் ஒளிந்தார்கள். தாக்க வந்தவர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். 44 பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் 1970இல் தண்டித்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது.' ஏறத்தாழ நாற்பது சொல்லில் அடங்கிவிடுகிறது. பெயரடை கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு வினைக்கும் ஆள் இருக்கிறது.

கடைசி வாக்கியத்தில்தான் பெரும்பாலோர் தடுக்குவார்கள். விடுதலை பெற்றவரின் பெயரைப் போட்டுக் 'கொலையாளி' என்று எழுதினால் சட்டச் சிக்கல். தீர்ப்பையே விட்டுவிட்டால் வரலாற்றுக்குத் துரோகம். வழி ஒன்றே: வழக்கின் போக்கை ஆண்டுகளோடு அப்படியே சொல்வது. பெரிய நிலக்காரர்களும் கார் வைத்திருந்தவருமான இவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற தொனியில் அமைந்தது உயர் நீதிமன்றத்தின் காரணம். தீர்ப்பின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தால், அருங்காட்சியகம் வாயைத் திறக்கவே வேண்டாம். அதே மாலை நடந்த மோதலில் பண்ணையார் தரப்பு ஆள் ஒருவர் இறந்ததும், அந்த வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றதும்கூடச் சுவரில் இருக்க வேண்டும். அதை மறைத்தால், தெரிந்த ஒருவர் வந்து 'இதை ஏன் சொல்லவில்லை' என்று கேட்கும் நிமிடத்தில் மற்ற எல்லா அட்டையும் சந்தேகத்துக்கு ஆளாகும். சொல்லிவிட்டால் இரண்டு வழக்கும் எப்படி எப்படி முடிந்தன என்று பார்ப்பவர் ஒப்பிடுவார். அன்றைய செய்திகளில் 42 என்ற எண்ணும் 'மோதல்' என்ற சொல்லும் வருவதையும் ஒளிக்க வேண்டியதில்லை. சுவரில் 44 என்று எழுதி, பக்கத்து மேசையில் பழைய செய்தித்தாளை வைத்து, எண் ஏன் மாறியிருக்கிறது என்று இரண்டு வரி போட்டால் போதும்.

மரியாதை விகுதி இன்னொரு கண்ணி. பண்ணைக் கணக்குகளில் ஆளின் பெயர் 'ன்' விகுதியோடு மொட்டையாக நிற்கும்; உடையவர் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' வரும். அட்டை எழுதுகிறவர் ஆவணத்தைப் பார்த்துக்கொண்டே எழுதும்போது இந்த வழக்கு கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்: 'பண்ணையாள் நெல் கேட்டான், மிராசுதார் மறுத்தார்.' எழுதியவருக்கே தெரியாது. முடிந்ததும் எல்லா அட்டையையும் வரிசையாக வைத்து வினைமுற்றுகளை மட்டும் வட்டம் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். யாருக்கு 'ஆர்', யாருக்கு 'ஆன்' என்று ஐந்து நிமிடத்தில் பல்லிளித்துவிடும். ஆவணத்தில் உள்ள சாதிச் சொல்லை ஆவணப் படியில் மட்டும் விட்டு, அருங்காட்சியகம் தன் குரலில் பேசும் இடத்தில் அந்த மக்கள் இன்று தங்களைக் குறிக்க எதைப் பயன்படுத்துகிறார்களோ அதை எழுத வேண்டும்.

அளவும் முக்கியம். உலக அருங்காட்சியக வழக்கில் ஒரு பொருளின் அட்டைக்கு ஏறத்தாழ ஐம்பது ஆங்கிலச் சொல் என்பார்கள். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டி வருவதால் அதே செய்தி முப்பத்தைந்து, நாற்பது சொல்லில் முடியும். ஆனால் சொற்கள் நீளம், வரி சீக்கிரம் நிறைந்துவிடும். எழுத்தளவு 28 பாயின்டுக்குக் குறையக் கூடாது. மேல் விலங்கு, கீழ்ச் சுழி எல்லாம் மோதிக்கொள்ளாமல் இருக்க வரிக்கும் வரிக்கும் ஒன்றரை மடங்கு இடைவெளி. பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 140 செ.மீ.; பள்ளிப் பிள்ளைகளும் சக்கர நாற்காலிக்காரரும் வருமிடத்தில் 120. ஃபிளெக்ஸில் அச்சடித்து மாட்டுவது மலிவு. வெயில் விழும் வராந்தாவில் ஓரிரண்டு வருடத்தில் சிவப்பு போய் முகங்கள் நீலமாகிவிடும். இறந்தவர்களின் படம் அப்படி வெளுத்துத் தொங்குவதைவிட மாட்டாமல் இருப்பதே மேல்.

பொருள் விஷயத்தில் நம்மூர் வழக்கம் சிமென்ட் பொம்மை. ஏர் பிடிக்கும் உழவர், சவுக்கோடு மீசைக்காரர், அழும் தாய். சிவப்பு பல்பு ஒன்று. இதில் உள்ள கோளாறு பொம்மை நன்றாக வராதது மட்டும் அல்ல. பார்க்கிறவர் உடனே 'தத்ரூபமா இருக்கு' அல்லது 'இல்லை' என்று சிற்ப விமர்சனத்துக்குப் போய்விடுகிறார். ஹிரோஷிமா நினைவு அருங்காட்சியகத்தில் தீக்காயத்தோடு தோல் தொங்க நடக்கும் பொம்மைகள் பல ஆண்டு நின்றன. 2017இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். எடுக்கக் கூடாது என்று எதிர்ப்பும் இருந்தது. 2019இல் திறந்த புதுப்பித்த கூடத்தில் இறந்தவர்களின் உடைமைகளே முன்னால் நிற்கின்றன: கிழிந்த பள்ளிச் சீருடை, கருகிய சாப்பாட்டுப் பெட்டி, மூன்று வயதுப் பையன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள். வாஷிங்டனில் உள்ள யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகத்தில் கைதிகளின் தலைமுடியை வைப்பதா என்று பேச்சு வந்தது. தங்கள் தாயின் முடியாக இருக்கலாமே என்று உயிர் பிழைத்தவர்கள் சிலர் சொன்னதால் முடிக்குப் பதில் அதன் புகைப்படத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். காலணிகள் நிஜமாகவே குவிந்து கிடக்கின்றன. புனோம் பென்னில், கெமர் ரூஜ் ஆட்சியின் சிறையாக இருந்து அருங்காட்சியகமான துவோல் ஸ்லெங்கில் மண்டையோடுகளால் செய்த கம்போடிய வரைபடம் ஒன்று இருந்தது. 2002இல் அதைக் கலைத்தார்கள். உடலைக் காட்சிப்பொருளாக்குவதிலிருந்து உடைமைக்கும் பெயருக்கும் நகர்வது என்ற திசையில்தான் இந்த மாற்றங்கள் எல்லாம் போகின்றன.

டெல்டாவில் வைக்க உடைமை ஏது என்ற கேள்வி நியாயமானது. கூரை வீட்டில் பிறந்து கூரை வீட்டில் இறந்தவர் விட்டுப்போன பொருள் சொற்பம். அதனால்தான் மரக்கால் முக்கியமாகிறது. கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை வாங்க வேறு மரக்கால் என்று கிராமங்களில் வாய்மொழியாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை அட்டையில் உண்மை என்று எழுதிவிடக் கூடாது, வதந்தி என்று தள்ளவும் கூடாது. ஊரில் கிடைக்கும் பழைய மரக்கால், படிகளை இரவல் வாங்கி, ஒரே நெல்லை நிரப்பி, தலைதட்டி ஒரு தரமும் கும்பமாக ஒரு தரமும் அளந்து, லிட்டரிலும் கிலோவிலும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். தலைதட்டி அளப்பதற்கும் கும்பம் வைத்து அளப்பதற்குமே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகள் கையால் அளந்து பார்க்க ஒரு தொட்டி நெல் வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நெல்லை மாற்றாவிட்டால் அந்து பறக்கும், எலி வரும். பக்கத்து அறையில் ஓலைச்சுவடி இருந்தால் நெல் தொட்டியே கூடாது. அரைப் படி நெல் எவ்வளவு என்று உள்ளங்கையில் தெரிந்துகொண்ட பிள்ளைதான் அடுத்த அறைக்குள் போக வேண்டும்.

அடுத்த அறை என்று சொன்னதும் வரிசை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கீழ்வெண்மணியைச் சொல்ல நினைக்கிற யாரும் தீயிலிருந்து தொடங்குவார்கள். தொடங்கினால் எல்லாமே ஓர் இரவின் கொடூரம் என்று சுருங்கிவிடும். 1940களிலிருந்து நடந்து வர வேண்டும்: சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த பண்ணைகள், களப்பால் பக்கம் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் கட்டிய விவசாயிகள் சங்கம், 1952இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பிறகு 1960களின் நெல் விளைச்சல், கூலிப் பேச்சு, வெளியூர் ஆளை இறக்கிய அறுவடை, நிலக்காரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம், தொழிலாளர்களின் செங்கொடி. அதற்குப் பிறகு அந்த இரவு. அதோடும் முடியாது, 1969இல் வந்த நியாயக் கூலிச் சட்டம், தீர்ப்புகள், ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் கூடும் கூட்டம். ஆறு சுவர் என்று வைத்துக்கொண்டால் தீக்கு ஒரு சுவர், அதுவும் நான்காவது. அந்தச் சுவரில் பெயர்கள் மட்டும். படம் வேண்டாம், இசை நிச்சயமாக வேண்டாம். 44 பெயரையும் வயதோடு நிதானமாக வாசிக்க மூன்று நிமிடம் ஆகும். அதற்கேற்ற இடைவெளியும் உட்கார ஒரு நீள பெஞ்சும் வேண்டும்.

அந்தக் குடிசையைத் திரும்பக் கட்டும் ஆசை மட்டும் எவருக்கும் வரக் கூடாது. வாசலில் நின்று செல்ஃபி எடுப்பார்கள், அவ்வளவுதான்.

கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் ஒரு வழி காட்டியிருக்கிறது. நிறவெறி அரசு இடித்துத் தள்ளிய அந்தப் பகுதியின் தெரு வரைபடத்தைத் தரையில் பெரிதாக விரித்து வைத்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். டெல்டா கிராமத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். ஊர், சேரி, குளம், களம், சுடுகாடு, வாய்க்கால், மதகு: தரையில் வரைந்துவிட்டால், குடிதண்ணீர் எந்தப் பக்கம், வடிகால் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லாமலே தெரியும். வரைபடத்தை வருவாய்த் துறைப் படத்திலிருந்து எடுக்கக் கூடாது, அல்லது அதிலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது. பெண்கள் நடவுக்குப் போன வரப்பு அதில் இருக்காது. நாலைந்து முதியவர்களை உட்கார வைத்து, சாக்பீஸால் முதலில் அவர்கள் வரையட்டும். அதை அளந்து பெயின்ட் அடிப்பது பிறகு.

அந்த முதியவர்களிடம் பேசிப் பதிவெடுப்பது ஒரு தனி வேலை. முதல் சந்திப்பில் கருவியை வெளியே எடுப்பது தவறு. இரண்டாவது முறை போகும்போது அவர் வீட்டிலேயே, மின்விசிறியை நிறுத்தி, கூரைத் தகரம் சுடாத காலை நேரத்தில், மைக்கைச் சட்டையில் குத்தி, அமுக்காத வேவ் கோப்பாக எடுக்க வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பிய ஒலி பத்து வருடம் கழித்து எதற்கும் ஆகாது. ஒப்புதல் கையெழுத்து மட்டும் போதாது, ஒலியிலும் சொல்ல வைக்க வேண்டும்: எங்கே போடப் போகிறோம், யார் கேட்பார்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். வெட்டிச் சுருக்கியதை அவருக்கே முதலில் போட்டுக் காட்டுவது கட்டாயம். கூடத்தில் ஒரு துண்டு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் நிற்க மாட்டார்கள்.

ஒப்பாரி கிடைத்தால் அதைக் கூடம் முழுக்க ஒலிக்கவிடும் சபலம் வரும். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை ஒரு தாயின் ஒப்பாரி சுழன்றுகொண்டே இருந்தால் மூன்றாம் நாள் காவலாளியே ஸ்பீக்கரைப் பிடுங்கிவிடுவார், அவர் செய்வதும் சரி. ஒப்பாரி ஒரு சாவுக்கு, ஓர் ஆளுக்கு, ஒரு வேளைக்கு உரியது. 2014இல் திறந்த போபால் நினைவு அருங்காட்சியகத்தில், விஷவாயுவில் பிழைத்தவர்களின் குரலைத் தொலைபேசி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால்தான் கேட்க முடியும். கேட்பது பார்ப்பவரின் முடிவு. எடுத்த கை வைக்கவும் வேண்டும்.

கடற்கரைப் பக்கம் போனால் கதை வேறு மாதிரி வழுக்கும். தரங்கம்பாடிக் கோட்டை படமெடுக்க அழகானது: 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனிஷ்காரர்கள் செய்த ஒப்பந்தம், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்பனை, பீரங்கி, கடல். நாகப்பட்டினத்தை 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அதை ஒட்டிய ஆண்டுகளில் பிஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சை நாட்டைப் பிழிந்தபோது, ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவுக்கும், 1850களிலிருந்து கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோயின. நாகையிலிருந்து பினாங்குக்கு மலேயாத் தோட்டத்து ஆள். இங்கே அட்டையின் வினை என்ன? 'சென்றார்கள்' என்றால் பிழைப்புத் தேடிப் போன பயணம். 'கடத்தப்பட்டார்கள்' என்றால் தெரிந்தே கைநாட்டு வைத்தவரின் முடிவையும், ஆள் சேர்க்கும் கங்காணியாகப் போனவரின் லாபத்தையும் அழித்துவிடுகிறது. அடிமைக் கப்பலுக்கு 'விலைக்கு வாங்கி ஏற்றினார்கள்'. ஒப்பந்தக் கப்பலுக்கு 'ஒப்பந்தம் எழுதி ஏற்றினார்கள்', கீழே ஒப்பந்தத்தின் ஆண்டுக் கணக்கும் கூலியும். கங்காணியோடு போனவருக்கு 'முன்பணம் வாங்கிப் போனார்கள்'. மூன்றையும் ஒரே 'புலம்பெயர்வு' என்ற சொல்லுக்குள் அடைத்தால் வரலாற்றை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கியதாகும்.

சுனாமி இன்னும் கையில் ஈரமாக இருக்கிற வரலாறு. 2004 டிசம்பர் 26இல் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இயற்கையின் சீற்றம் என்று எழுதிவிட்டால் எழுவாய்ச் சிக்கலே கிடையாது, அதனால் எல்லோருக்கும் அது சௌகரியம். ஆனால் அலை போன பிறகு நடந்தவற்றுக்கு ஆள் உண்டு. நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்களை ஒதுக்கினார்கள் என்று அப்போதே அறிக்கைகள் வந்தன; அதுவும் சுவருக்கு உரியது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் 2009இல் திறந்த சுனாமி அருங்காட்சியகத்தில் இரு பக்கமும் தண்ணீர் வழியும் இருண்ட குறுகிய பாதை வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். கீச்சாங்குப்பத்துக்கோ அக்கரைப்பேட்டைக்கோ பக்கத்தில் அப்படி ஒன்றைக் கட்டினால், உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தண்ணீரை நிஜமாகவே பார்த்தவர்கள். அவர்களுக்கு ஒத்திகை தேவையில்லை. அப்படிப்பட்ட பாதை வைத்தே ஆக வேண்டுமென்றால் அதற்குள் நுழையாமல் சுற்றிப் போக ஒரு கதவு, உள்ளே பாதியில் வெளியேற ஒரு கதவு, இரண்டையும் தமிழில் பெரிதாக எழுதி வைப்பது அடிப்படை. பிணங்களின் படங்களை வைத்தால் வாஷிங்டனில் செய்ததுபோல் திரையைச் சுற்றி இடுப்பளவுக்கு மேல் ஒரு சிறு மதில்: பெரியவர் விரும்பினால் எட்டிப் பார்க்கலாம், சின்னப் பிள்ளைக்குத் தெரியாது.

வெளிநாட்டு உத்திகளில் சிலவற்றை இங்கே தொடவே கூடாது. ஜோகன்னஸ்பர்க் நிறவெறி அருங்காட்சியகத்தில் நுழைவுச் சீட்டு கண்டபடி 'வெள்ளையர்' என்றோ 'வெள்ளையரல்லாதார்' என்றோ பிரித்து, வெவ்வேறு வாசலில் அனுப்பும். குலுக்கலில் விழுகிற அடையாளம் என்பதால் அது வேலை செய்கிறது. டெல்டாவில் பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கும் அறுபது பிள்ளைகளுக்கு எந்த வாசல் யாருக்கு என்று சீட்டு கொடுத்துப் பாருங்கள். ஒருவனுக்கு அது விளையாட்டு, பக்கத்தில் நிற்பவனுக்கு வீட்டில் பாட்டி சொன்ன விஷயம். மறுநாள் வகுப்பில் அது கேலியாகத் திரும்பும்.

அந்த அறுபது பிள்ளைகளைப் பற்றியும் கணக்கு உண்டு. காலையில் பெரிய கோயில், பிறகு அரண்மனை, மதியச் சாப்பாட்டுக்கு முன் நாம். கையில் இருப்பது இருபது நிமிடம். ஒரே கூட்டமாக விட்டால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. இருபது இருபதாகப் பிரித்து, ஒரு குழு மரக்கால் தொட்டியில், ஒரு குழு தரை வரைபடத்தில், ஒரு குழு அட்டைகளில் என்று ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இதைச் செய்யப்போவது காப்பாட்சியர் அல்ல, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உதவியாளர். 'இது என்னங்க?' என்று கேட்பவருக்கு அவர் சொல்கிற ஒரு வரிதான் அந்த அருங்காட்சியகத்தின் கதை. எத்தனை லட்சம் செலவழித்தாலும் அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்காவிட்டால் அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார், அது எதுவாகவும் இருக்கலாம்.

பாதுகாப்பு விஷயங்களில் விவாதத்துக்கு இடமில்லை. ஓலை, காகிதம், துணி, வண்ணப்படம் எதன்மீதும் ஒளி 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தப் பத்திரம், குடும்பப் படம் போன்றவற்றின் அசலைப் பெட்டிக்குள் வைத்து, படியை மாட்டுவது நல்லது. நாகைக் காற்றில் உப்பு அதிகம். செம்பு, வெண்கலத்தில் பச்சைப் பொடியாகப் பூத்தால் குளோரைடு வேலை செய்கிறது என்று பொருள். துடைத்துவிட்டு மறப்பது கூடாது, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்து ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு ஏ.சி.யை அணைத்துக் காலை பத்துக்குப் போடும் கட்டடத்தில் ஏ.சி. இல்லாமலிருப்பதே ஓலைக்கு நல்லது. தினம் ஏறி இறங்கும் ஈரம்தான் ஓலையை வளைத்து முறிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தரைத்தளம் நனையும் ஊர்களில் அசல் எதுவும் இரண்டடிக்குக் கீழே இருக்கக் கூடாது. கஜா போன்ற புயல் எச்சரிக்கை வந்த அன்று எந்தப் பெட்டி முதலில் மாடிக்கு என்ற பட்டியலை உதவியாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே செருகி வைக்க வேண்டும்.

திறப்பு விழாக் கல் பற்றி ஒரு வார்த்தை. வந்தவர்களின் பெயரையும் பதவியையும் வெட்டிய கருங்கல் வாசலில் ஆறடிக்கு நான்கடி, உள்ளே இறந்தவர்களின் பெயர் ஏ4 தாளில் லேமினேட் செய்து. இந்த விகிதத்தைப் பார்த்த பிறகு எந்த அட்டையையும் வாசிக்கத் தேவையில்லை.

ஆண்டு நாளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். டிசம்பர் 25, 26 இரண்டிலும் உள்ளே வருபவர்கள் பார்வையாளர்கள் அல்ல, துக்கத்துக்கு வந்தவர்கள். அன்று வழிகாட்டி பேசக் கூடாது, ஒலிக் கருவி அணைந்திருக்க வேண்டும், சீட்டு கிடையாது. பெயர்ச் சுவருக்கு முன்னால் பூ வைப்பார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள், ஊதுவத்தி செருகுவார்கள். தடுத்தால் சண்டை வரும், விட்டால் சுவர் கருகும். அதனால் பெயர்ச் சுவரைக் கட்டும்போதே அதன் அடியில் ஓரடி அகலத்துக்குக் கருங்கல் திண்ணை வைத்து, மணல் நிரப்பிய ஒரு நீளத் தொட்டியும் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது. புகை உறைக்காமல் மேலே ஜன்னல், வாசலில் குடிதண்ணீர்.